இது நீங்கள்தானா?

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல், சளி எதுவும் இல்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

நீ அடிக்கடி போன் செய்ததாக உன் அத்தான் சொன்னார். எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் நான் பேசாமல் இருந்தால் நீ பயந்துபோகிறாய். "அழுதுடுக்கா, அழுதா சரியாயிடும்" என்கிறாய். வந்தால் அழ மாட்டேனா? காகிதத்தில் நான் பேசாமல் இருந்தால் உனக்குத் தெரியாது. அதனால் இனி எழுதுகிறேன். பதிலைச் சலவைக் கடை விலாசத்துக்குப் போடு. வீட்டுக்கு வந்தால் அவர் பிரித்துப் படித்துவிட்டுப் படிக்காத மாதிரி இருப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தோம். "அப்பா, நான் பையன் இல்ல. சின்ன வயசுலேர்ந்தே இல்ல. இனிமே பொண்ணாத்தான் இருக்கப் போறேன்" என்று வாண்டு சொன்னது. அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துடைத்துக்கொண்டு வந்துதான் வாயைத் திறந்தார். "அப்படின்னா வேற இடம் பாத்துக்க." சத்தம்கூடப் போடவில்லை. பஸ் படிக்கட்டில் நிற்கிறவனை உள்ளே தள்ளி நிற்கச் சொல்வாரே, அதே கண்டக்டர் குரல்தான். ஒரு பையை எடுத்துக்கொண்டு வாண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் கடையில் நீராவி இஸ்திரி கைமேல் பட்டிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. முதலாளி பார்த்துக் கத்திய பிறகுதான் கையை எடுத்தேன். பயப்படாதே, சின்னக் கொப்புளம்தான்.

வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

என் முதுகை விடு. அது ஸ்கேன் மேஜையைத் தள்ளித் தள்ளியே பழகிவிட்டது. கையில் மருந்து போட்டாயா? கொப்புளத்தை உடைக்காதே. சுட்டது தெரியவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டாமா? நீ போக மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. எங்கள் மையத்தில் புதிதாக ஓர் ஆய்வு ஆரம்பித்திருக்கிறார்கள். உனக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எப்படியும் சொல்லப் போகிறேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா? ஆண்கள், பெண்கள், அப்புறம் வாண்டு மாதிரி உடம்பு ஒன்றும் உள்ளுக்குள் தன்னை உணர்வது வேறொன்றுமாக இருக்கிறவர்கள், எல்லாரையும் ஸ்கேனில் படுக்க வைத்து மூளையைப் படம் எடுக்கிறோம். என் வேலை எப்போதும் போலத்தான். "அசையாதீங்க, முடியப்போகுது" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பது. முடியப்போவதே இல்லை, அது அவர்களுக்கும் தெரியும்.

ஆய்வை நடத்துகிற மேடம் நல்ல மாதிரி. வருகிறவர்களை "என்னன்னு கூப்பிடட்டும்?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறார். கேட்டதும் சில பேர் முகம் மாறிவிடுகிறது, அக்கா. அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

வாண்டு எங்கிருந்தாலும் நன்றாக இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளை. பல் செட் செய்யக் கற்றுக்கொண்ட கைக்கு எந்த ஊரிலும் வேலை கிடைக்கும். மனிதர்களுக்குப் பல் விழாமல் இருக்கப் போவதில்லை.

அத்தானுக்கு என் விசாரிப்பைச் சொல். சொல்லத் தோன்றினால்.

உன் தங்கை


பிப்ரவரி 25

அன்புத் தங்கைக்கு,

கை ஆறிவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ எழுதிய ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஏதாவது பேச வேண்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, "மெஷினு சொல்லுமா?" என்றார்.

"என்ன சொல்லும்?"

"உள்ள இருக்கறது ஆணா பொண்ணான்னு."

எனக்குத் தெரியாது என்றேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "மனுஷன் ஆயிரம் சொல்லுவான். மெஷினு சொன்னா நான் கேட்டுக்கறேன். படத்தக் கையில குடுக்கட்டும், நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

வாண்டு போன பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆனால் இது வேண்டும் என்று தோன்றியது. பசி இல்லாவிட்டாலும் மணி ஆனால் சாப்பிட உட்காருகிறோமே, அந்த மாதிரி.

வாண்டைக் கண்டுபிடித்து அந்தப் படத்தை எடுக்க முடியுமா? உன்னால் முடியும் என்று நினைக்கிறேன். எப்படி என்று நான் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. காய்ச்சல் என்று பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். இல்லை, குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

வாண்டு வந்தது. படம் எடுத்தாயிற்று.

சொந்தக்காரி என்பதால் மெஷினில் நான் உட்காரவில்லை. கூட வேலை செய்கிறவர் எடுத்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஓரமாக நின்றேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "சொல்லிக்கோ சித்தி, ஒளிக்க என்ன இருக்கு?" என்றாள்.

மூளையைச் சும்மா படம் எடுப்பது ஒரு பகுதி. இன்னொரு பகுதி இருக்கிறது. வருகிறவரை முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் அந்த முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆண் முகமாகவும் பெண் முகமாகவும் மாற்றி வைத்துக்கொள்ளும். மெஷினுக்குள் படுத்திருக்கும்போது கண்ணுக்கு மேலே உள்ள கண்ணாடியில் அந்த முகங்கள் ஒவ்வொன்றாக வரும். கீழே ஒரு கேள்வி: இது நீங்கள்தானா? வலது பொத்தான் ஆம். இடது பொத்தான் இல்லை. அழுத்தும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று மேடம் பார்க்கிறார்.

பெண் பக்கம் போகிற முகங்களுக்கு அவள் சட்டென்று ஆம் அழுத்தினாள். ஆண் பக்கத்துக்கு இல்லை, இல்லை. கடைசியில் எதுவும் மாற்றாத அவளுடைய போட்டோவே வந்தது. அதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு இல்லை என்று அழுத்தினாள். என் பக்கத்தில் இருந்தவர் டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

முதுகை நிமிர்த்தி வேலை செய், அக்கா. அத்தானுக்கு அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

உன் தங்கை


மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

இரண்டு பேரும் நன்றாக இருங்கள்.

ஆமாம், இரண்டு பேர் என்றுதான் எழுதினேன். நீ தனி ஆளாக இருந்தவரை உன் கடிதத்தில் வெளிச் சாப்பாட்டுப் புலம்பல் இல்லாமல் இருந்ததே இல்லை. இப்போது சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. வாண்டு சமைத்தால் யாரும் புலம்ப மாட்டார்கள். எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

அவர் தினமும் கேட்கிறார். செருப்பைக் கழற்றும்போதே, "படம் வந்துச்சா?" அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்திருக்கிறார். படத்தை வைப்பதற்காம்.

நீ விவரமாக எழுதுகிறேன் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. வேலை முடிந்திருந்தால் நீ ஒரு வரியில் எழுதியிருப்பாய். படத்தில் ஒன்றும் வரவில்லை, அப்படித்தானே?

பரவாயில்லை. உங்கள் மையத்தின் பெயர் போட்ட தாள் இருக்கும் அல்லவா? அதில் ஒரு வரி டைப் செய்து, ஏதாவது ஒரு மூளைப் படத்தோடு சேர்த்து அனுப்பு. அவருக்கு என்ன தெரியப் போகிறது? உள்ளே இருப்பது பெண் என்று ஒரே வரி. அவர் படிப்பார், அலமாரியில் வைப்பார், போய்க் கூட்டிவருவார். பொய்யாக இருந்தால் என்ன? யாருக்கு நஷ்டம்?

சீக்கிரம் அனுப்பு. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாயா?

உன் அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்பைப் பற்றி நீ எழுதுவதே இல்லை, அதுதான் குறை.

வீட்டை விட்டு வந்த வாரத்திலிருந்தே அவள் என்னோடுதான் இருக்கிறாள். அம்மாவிடம் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் முதல் கடிதத்தை நான் படித்தபோது அடுத்த அறையில்தான் இருந்தாள். இதை உன்னிடம் மறைத்தேன். திட்டுவதானால் என்னைத் திட்டு.

நீ கேட்ட அந்த ஒரு வரியை டைப் செய்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே செய்தேன். உயர்ந்த தாள், மேலே மையத்தின் பெயர். வேலை போய்விடும் என்று தெரியும். அத்தான் படியேறி வந்து அவளைக் கூப்பிடுவது போல நினைத்துப் பார்த்தேன், கை தானாக அடித்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் காட்டினேன்.

அவள் பல் செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தாள். படித்துவிட்டு, "வேணாம் சித்தி" என்றாள்.

"ஏண்டி? உங்கப்பா வர்றேங்கறார்டி."

"இந்த மெஷினு ஆமான்னுச்சு, உள்ள விட்டாரு. நாளைக்கு இன்னொரு மெஷினு இல்லைன்னா? மறுபடியும் பைய எடுக்கணுமா?"

 தாளை அவளே கிழித்தாள்.

மேடத்திடம் கேட்டேன், பெயர் சொல்லாமல். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நூற்றுக்கணக்கான ஆண்கள் படத்தையும் பெண்கள் படத்தையும் தனித்தனியாக அடுக்கிச் சராசரி எடுத்தால் சில இடங்களில் வித்தியாசம் தெரியும். ஆனால் இரண்டு அடுக்கும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். உயரத்தை எடுத்துக்கொள். பொதுவாக ஆண்கள் உயரம். ஆனால் நீ அத்தானைவிட உயரம். கல்யாணத்தில் போட்டோக்காரர் அவரைப் பலகைமேல் நிறுத்தியது மறந்துபோச்சா? அதற்காக உன்னை யாரும் ஆண் என்று சொன்னார்களா? கம்ப்யூட்டரிடம் ஒரு தலையைக் கொடுத்தால் அது ஊகிக்கும், பெரும்பாலும் உடம்பை வைத்து நாம் சொல்வதையேதான் அதுவும் சொல்லும். வாண்டு மாதிரி இருக்கிறவர்களின் படங்களை அடுக்கினால் சில இடங்களில் ஏதோ தெரிகிற மாதிரி இருக்கிறது. ஓர் ஆய்வில் தெரிவது அடுத்த ஆய்வில் தெரிவதில்லை. தனி ஓர் ஆளின் படத்தைத் தூக்கிப்பிடித்து, இவர் தன்னை யாராக உணர்கிறார் என்று சொல்ல இன்றைக்கு யாராலும் முடியாது.

"நாம எப்படின்னு தேடறோம். சரியா தப்பான்னு தேடலை" என்றார் மேடம்.

அத்தானிடம் இதைச் சொல்ல உன்னால் முடியுமா?

உன் தங்கை


மே 12

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

சொன்னேன். உயரம், போட்டோ, பலகை எல்லாம் சொன்னேன். "அப்ப மெஷினுக்கும் தெரியலைங்கற" என்றார். தெரியவில்லை என்றேன். "அப்ப இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார்.  அலமாரியின் மேல்தட்டில் பழைய டிக்கெட் கட்டுகளைத் திரும்ப அடுக்கிவிட்டார்.

உன்னைத் திட்டவில்லை. அது அடுத்த அறையில் இருந்தது என்று படித்ததும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கடையில் விரிப்புகள் நிறைய வந்திருந்தன. மடித்தேன்.

கிழித்தது சரிதான் என்று அதனிடம் சொல். இல்லை, ஒன்றும் சொல்லாதே.

உன் அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். எழுதினால்தானே தெரியும்?

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. சலவைக் கடைக்குப் போன் செய்தேன். "வர்றாங்க, போறாங்க, வேலை சுத்தம்" என்றார் முதலாளி. இதைச் சொல்லவா போன் செய்தேன்?

விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வுக்கு வந்தவர்களின் வீட்டு ஆட்களையும் படம் எடுக்க வேண்டும் என்கிறார் மேடம். அம்மா, அக்கா, அண்ணன், யாரானாலும் சரி. ஒரே வீட்டுத் தலைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். பலர் வர மாட்டேன் என்கிறார்கள். சிலர் போனை வைத்துவிடுகிறார்கள்.

நீ வாயேன். படத்துக்காக இல்லை. வந்துவிட்டுப் போ, அவ்வளவுதான். அவள் கேட்கச் சொல்லவில்லை. நானாகக் கேட்கிறேன்.

வராவிட்டாலும் ஒரு வரி போடு.

உன் தங்கை


ஜூலை 4

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சௌக்கியம் என்று நினைக்கிறேன்.

வருகிறேன். காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வரவில்லை, நேராக மையத்துக்கு வருகிறேன். வாண்டு அங்கே இருக்க வேண்டாம்.

வெறுப்பு என்று நினைக்காதே. பார்த்தால் எனக்கு ஏதாவது ஆக வேண்டும் அல்லவா? இத்தனை மாதம் கழித்துப் பிள்ளையைப் பார்க்கிற அம்மாவுக்கு. ஒன்றும் ஆகவில்லை என்றால் அதற்கு என் முகத்திலேயே தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்தே என் முகத்தைப் பார்த்துத்தான் அது எல்லாம் தெரிந்துகொள்ளும்.

உன் அக்கா


ஜூலை 29

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். காதில் இரைச்சல் இருந்தது, போய்விட்டது. பஸ்ஸுக்கு நீ வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் கடையில் இருக்கிறது.

நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாய். உள்ளே எப்படி இருந்தது என்று நீ கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தலையிலிருந்து பின்னை எல்லாம் எடுக்கச் சொன்னாய். காதில் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்தாய். முகத்துக்கு மேல் கூண்டு. பயமாக இருந்தால் அமுக்க ஒரு ரப்பர் பந்து. அதை நான் அமுக்கவில்லை. சத்தம் பெரிய சத்தம்தான், ஆனால் கடையில் துவைக்கிற மெஷின் பிழியும்போது வருகிற சத்தம்தான் அது. எனக்குப் பழக்கம்.

முதலில் என் முகம் வந்தது. இது நீங்கள்தானா? ஆம் அழுத்தினேன். அடுத்தது கொஞ்சம் மாறி வந்தது. புருவம் தடித்திருந்தது. சிரிப்பு வந்தது. ஆம் அழுத்தினேன். அடுத்ததில் தாடை அகலமாகி, உதடு மெலிந்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பார்த்தேன். வாண்டு.

என்னை உரித்து வைத்திருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்களே. நான் அதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. வாண்டு ஆம்பளையாகவே வளர்ந்து, என் வயதுக்கு வந்திருந்தால் எப்படி இருக்குமோ அந்த முகம். காதோரம் நரையோடு. நான் மனதுக்குள் வைத்திருந்தேனே, அந்தப் பிள்ளை. அவனுக்கு இந்த வயதில் என்ன வேலை, எப்படி வீடு என்றெல்லாம்கூட நினைத்து வைத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே கேள்வி.

இது நீங்கள்தானா?

இல்லை என்று அழுத்தினேன்.

யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் போனது. இன்னும் தாடையை அகலமாக்கிக் கொண்டுவந்தார்கள். இல்லை. மீசை நிழல் போட்டுக் கொண்டுவந்தார்கள். இல்லை. எவ்வளவு ஆசையாக வைத்திருந்த முகம், அதற்கு முன்னால் படுத்துக்கொண்டு இல்லை, இல்லை என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். வேறு என்ன அழுத்துவது? அது நான் இல்லையே.

அவளும் இதே மேஜையில் படுத்துத்தானே அழுத்தினாள். அவளுக்கும் விரல் இப்படித்தான் போயிருக்கும்.

அழுதேனா என்று கேட்பாய். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தாயே.

பிறகு உடை மாற்றிக்கொண்டேன். நீ தண்ணீர் வாங்கப் போனாய். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். நீ ஓடி வந்து பாட்டிலைக் கொடுத்தாய். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர், "உன்னுதுல என்னன்னு வந்துச்சு?" என்றார்.

"என்னது?"

"ஆணா பொண்ணா?"

"அத நான் கேக்கவே இல்லையே."

"அதெப்படி, அவ்வளவு தூரம் போயிட்டுக் கேக்காம வருவ?"

"எனக்கு எதுக்குங்க? எனக்கே தெரியாதா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு அதையே எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வேலை முடிந்து வந்தவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்து வந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார்.

உன் முதுகைக் கவனி. மேடத்துக்கு என் நன்றியைச் சொல்.

உன் அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மாத்திரையெல்லாம் டாக்டர் சொன்னபடிதான். உன் கைத் தழும்பு மறைந்துவிட்டதா?

உன் கடிதத்தைச் சித்தி படிக்கக் கொடுத்தாள். பிறகு எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து இத்தனை நாள் ஆகிவிட்டது.

நீ வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாய். நான் மையத்துக்கு வரவில்லை. ஆனால் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டயர்க் கடை இருக்கிறதே, அங்கே நின்றேன். சித்திக்குத் தெரியாது. லேபில் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்தேன். பல் செய்கிற இடத்தில் அந்தச் சாக்கு எடுபடுமா? முதலாளி வாயைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டார்.

நீ வெளியே வந்தாய். பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். கொஞ்சம் இளைத்திருக்கிறாய். சித்தி தண்ணீர் வாங்கப் போனாள். நீ ரோட்டைத் தாண்டி நேரே என்னைப் பார்த்தாய். பஸ் வந்து மறைத்துவிட்டது.

உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். முடி தோள்வரை வந்துவிட்டது, ஆளே மாறிவிட்டேன், தெரியாததும் ஒருவிதத்தில் நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டே லேபுக்கு நடந்தேன். பாதி வழியில் அது நல்லதாக இல்லை. அம்மாவுக்கே தெரியவில்லையே என்று ஆகிவிட்டது.

உன்மேல் கோபம் இல்லை. ரோட்டைக் கடந்திருக்க வேண்டியது நான்தான். அது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

அப்பா மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

வாண்டு


செப்டம்பர் 5

அன்புள்ள வாண்டு,

தழும்பு இருக்கிறது, வலி இல்லை. அப்பா மாத்திரை சாப்பிடுகிறார். நீ வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. அன்றைக்கு நின்றாய்.

ஆமாம், பார்த்தேன். டயர் அடுக்குக்குப் பக்கத்தில், நீல உடை. காதுக்கு மேலே கிளிப். நீ என்று தெரியும். தெரியாமல் என்ன? அந்தக் கிளிப் கோணலாக இருந்ததுகூடத் தெரியும்.

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். உன்னைப் பார்த்ததைச் சித்திக்கு எழுதிய கடிதத்தில் எழுதவில்லை. இறங்கியிருக்கலாம். டிரைவர் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தார். இறங்கு என்று காலிடம் சொன்னேன், அது கேட்கவில்லை. அதனால் நீ நிற்கிற பக்கம் ஜன்னலில் உட்கார்ந்தேன். பஸ் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு வந்தேன். நீ நடந்து போகிறதைப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து, அவர் வெளியே போன பிறகு, சுட்ட இடம் எரிந்தது. ஆறி மாதக் கணக்காகிறது, அன்றைக்குத்தான் எரிந்தது. தண்ணீர்க் குழாயின் கீழே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இந்த முறை வீட்டுக்கு. அப்பாவிடம் சொன்னேன். அவர் மனம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மத்தியான பஸ்ஸுல போகாத, கூட்டமா இருக்கும். காலைல முதல் பஸ்ஸு. பின் சக்கரத்து மேல உக்காராத, தூக்கிப் போடும்" என்றார்.  யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்கவில்லை.

வந்து இறங்கும்போது என் முகத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தாலும் இருக்கும். அதைப் பார்த்து எதையும் முடிவு செய்துகொள்ளாதே. கால் நகராவிட்டால் நீ வந்து கூப்பிடு. கடையில் துவைக்கிற மெஷின் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, அதனால் சத்தமாகவே கூப்பிடு. நாலு பேர் திரும்பிப் பார்க்கட்டும். நானும் திரும்புவேன்.

அம்மா